தோக்கும்னு முன்னாடியே சொன்ன ஜெனரல்: யுன் உங்-நியோலும் அவர் குடும்பமும்

கேள்வி இதான்: தென்கொரியாவுல யுன் போசன்னு ஒரு ஜனாதிபதி இருந்தாரு, அவரோட பெரிய தாத்தா ஒரு ஜெனரல்னும் அவரை ஒரு இடத்துல சீர்திருத்தக்காரர்னும் இன்னொரு இடத்துல துரோகினும் போட்டிருக்காங்கன்னும் படிச்சேன், ரெண்டுல எது சரி, குடும்பம் எப்படிப்பட்டது?

ரெண்டும் சரிதாங்க. இவரு கதையை தேதி வரிசையா மனப்பாடம் பண்றதுல பிரயோஜனம் இல்ல, இவரோட ஒரு குணத்தைப் பிடிச்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் புரிஞ்சிடும்: எது தோக்கும்ங்கறத மத்தவங்களுக்கு முன்னாடி மோப்பம் பிடிக்கிற ஆளு. அந்த மூக்குதான் அவரையும் குடும்பத்தையும் காப்பாத்துச்சு, கடைசில பேரைக் கெடுத்ததும் அதே மூக்குதான்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல பேர் குழப்பத்தை தீர்த்துடுவோம், ஏன்னா இந்தக் குடும்பத்துல எல்லா பேரும் ஒரே மாதிரி இருக்கும். கொரியாவுல குடும்பப் பேர் முன்னாடி வரும், பின்னாடி வர்ற ரெண்டு அசைல ஒண்ணு ஒரு தலைமுறை பங்காளிங்க எல்லாருக்கும் பொதுவா இருக்கும், அதுக்கு தொல்லிம்ஜான்னு பேரு. நம்ம ஜெனரல் தலைமுறைக்கு கடைசி அசை 'நியோல்': உங்-நியோல், அவர் தம்பி யோங்-நியோல். அடுத்த தலைமுறைக்கு நடுவுல 'ச்சி': ச்சி-ஹோ, ச்சி-வாங், ச்சி-சாங், ச்சி-ஓ, ச்சி-சோ, ச்சி-யோங். அதுக்கடுத்த தலைமுறைக்கு கடைசில 'சன்': போ-சன், இல்-சன், யோங்-சன். பேரைப் பாத்தாலே யாரு யாருக்கு சித்தப்பா, யாரு யாருக்கு அண்ணன் பையன்னு தெரிஞ்சிடும், இத மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா கீழ படிக்கறது சுலபம்.

யுன் உங்-நியோல் பொறந்தது 1840ல, தெற்கு ச்சுங்சியோங் பக்கம் ஆசான்ங்கற ஊர்ல. ஹேபியோங் யுன் குலம், 16ஆம் நூற்றாண்டுல ஜப்பான் படையெடுத்து வந்தப்ப பெரிய அமைச்சரா இருந்த யுன் து-சு வந்த குலம். கேக்க பெருமையாத்தான் இருக்கு, ஆனா இவங்க கிளைக்கு ஒரு முள் உண்டு. சோ-ஓல்னு சொல்வாங்க, அதாவது முறைப்படி தாலி கட்டின பொண்டாட்டிக்கு இல்லாம ரெண்டாவதா வெச்சுக்கிட்ட பெண்ணோட வழில வந்த வம்சம். அப்ப கொரியாவை ஆண்ட சோசன் ராஜ வம்சத்து ஆட்சில இது சாதாரண விஷயமே இல்ல, அப்பா எவ்ளோ பெரிய மனுஷனா இருந்தாலும் சோ-ஓல் வழி பையனுக்கு உயர்ந்த சிவில் பதவி கதவெல்லாம் கிட்டத்தட்ட சாத்தின கதவுதான். அதனால இந்த மாதிரி குடும்பத்துப் பசங்க ராணுவப் பரீட்சை எழுதுவாங்க. இவரும் 1856ல, 16 வயசுல, அந்தப் பரீட்சையை பாஸ் பண்ணிட்டாரு. வில்லு, குதிரை, ஈட்டி இதெல்லாம்தான் பரீட்சை. அந்தக் காலத்து கொரியாவுல பேனா பிடிக்கிறவனுக்குத்தான் மரியாதை, வாள் பிடிக்கிறவன் ஒரு படி கீழ. பொறப்புலயும் கீழ, தொழில்லயும் கீழன்னு இருந்த ஒருத்தருக்கு பழைய ஏணி ஆட்டம் காண ஆரம்பிச்சதும் புது ஏணி மேல ஆசை வரும்ல, இவரு சீர்திருத்தம் பக்கம் சாஞ்சதுக்கு என்னைப் பொறுத்தவரை முதல் காரணம் இதான், கொள்கை எல்லாம் அப்பறம் வந்தது.

1880ல கிம் ஹோங்-ஜிப் தலைமைல ஜப்பானுக்கு ஒரு தூதுக்குழு போச்சு, அதுல இவரும் போனாரு. பத்து பன்னெண்டு வருஷத்துல ஜப்பான் என்னவா மாறியிருக்குன்னு நேர்ல பாத்தாரு, ரயிலு, தந்தி, ஒரே மாதிரி யூனிஃபார்ம் போட்டு கால் எடுத்து வைக்கிற பட்டாளம். அடுத்த வருஷமே, 1881ல, 16, 17 வயசு மகன் யுன் ச்சி-ஹோவை ஜப்பானைச் சுத்திப் பாக்கப் போன இன்னொரு குழுவோட உதவியாளா அனுப்பி, அப்படியே டோக்கியோல படிக்க விட்டுட்டாரு. வெளிநாடு போய்ப் படிச்ச முதல் கொரியப் பசங்கள்ல அவனும் ஒருத்தன். அவன் அங்க டச்சு, ஜப்பானிய மொழியெல்லாம் பாத்துட்டு கடைசில இங்கிலீஷை பிடிச்சுக்கிட்டான், இது எவ்ளோ பெரிய முடிவுன்னு பின்னாடி தெரியும்.

அதே 1881ல ராஜா கோஜோங் ஒரு புதுப் படை ஆரம்பிச்சாரு, பியோல்கிகுன்னு பேரு. சுமார் 80 பேர் கொண்ட சின்னப் படை, பயிற்சி கொடுக்க ஹோரிமோட்டோ ரெய்ஸோன்னு ஒரு ஜப்பான் லெஃப்டினன்ட், நடத்துற அதிகாரிகள்ல முக்கியமான ஒருத்தர் நம்ம யுன் உங்-நியோல். புது துணி, புது துப்பாக்கி, நல்ல சாப்பாடு, நேரத்துக்கு சம்பளம். ஊர்க்காரங்க இந்தப் படையை ஜப்பான்காரன் படைன்னு கேவலமா சொல்ல ஆரம்பிச்சாங்க. பக்கத்துலயே பழைய பட்டாளம் இருக்கு, அவங்களுக்கு சம்பளம் அரிசிதான், அந்த அரிசி 13 மாசமா வரல. ஒரு வருஷத்துக்கு மேல கடன்ல குடும்பம் நடத்துறவன் கண்ணுக்கு எதிர்ல 80 பேர் பளபளன்னு டிரில் பண்ணா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

1882 ஜூலைல ஒருவழியா ஒரு மாச அரிசி மட்டும் போட்டாங்க, வரிசைல நின்னு வாங்கி மூட்டையைப் பிரிச்சுப் பாத்தா உள்ள மணலும் உமியும் கலந்திருக்கு, அளவும் கம்மி. கிடங்கு பொறுப்புல இருந்தவங்க ராணியோட சொந்தக்காரன் மின் கியோம்-ஹோவோட ஆளுங்க, நடுவுல யாரு திருடினாங்கன்னு கண்டுபிடிக்க பெரிய மூளை எதுவும் தேவையில்ல. சண்டை அங்கேயே ஆரம்பிச்சுது. கிடங்கு ஆளை அடிச்சாங்க, அடிச்சவங்களை பிடிச்சு மரண தண்டனைன்னாங்க, அதுல மொத்த பட்டாளமும் கெளம்பிடுச்சு. மின் கியோம்-ஹோவைக் கொன்னாங்க, ஹோரிமோட்டோவைக் கொன்னாங்க, ஜப்பான் தூதரகத்தைத் தாக்கினாங்க, ராணி பல்லக்குல ஒளிஞ்சு ஊரை விட்டே ஓடினாங்க. யுன் உங்-நியோல் வீட்டையும் அடிச்சு நொறுக்கினாங்க, மனுஷன் எப்படியோ தப்பிச்சு ஜப்பானுக்கு கப்பல் ஏறிட்டாரு. வரலாற்றுல இதை இமோ கலவரம்னு சொல்றாங்க. இதை பழமைவாதிங்க சீர்திருத்தத்துக்கு எதிரா பண்ணதுன்னு ஒரு வரில முடிக்கிறவங்க நிறைய பேர், எனக்கு அது சரியா படல, சாப்பாட்டு அரிசில மணல் கலந்தா எந்த ஊர்ல வேணா நடக்கும் அது.

கலவரம் அடங்கினதும் திரும்பி வந்தாரு. இந்த தடவை வடக்கே ஹம்கியோங் பக்கம் புக்சியோங்ல தளபதி வேலை. அங்க சொந்தமா ஆள் எடுத்து சுமார் 500 பேருக்கு புது முறைல பயிற்சி கொடுத்தாரு. நாட்டுல உருப்படியா டிரில் தெரிஞ்ச பட்டாளம் ரொம்ப கொஞ்சம், அதுல இது ஒண்ணு. அந்த நேரத்துல தலைநகர்ல கிம் ஓக்-கியுன், பார்க் யோங்-ஹியோ, ஹோங் யோங்-சிக், சோ ஜே-பில்னு ஒரு இளைஞர் கூட்டம், சீனாவோட பிடிலேர்ந்து வெளில வரணும், எல்லாத்தையும் ஒரே ராத்திரில மாத்தணும்னு துடிச்சிட்டிருந்தாங்க. இவங்களுக்கு ஜெனரலையும் தெரியும், மகன் ச்சி-ஹோவையும் தெரியும். ச்சி-ஹோ 1883லயே நாட்டுக்கு வந்த முதல் அமெரிக்கத் தூதர் ஃபூட்டுக்கு மொழிபெயர்ப்பாளரா திரும்பி வந்திருந்தான், கொரியாவுல இங்கிலீஷ் பேசத் தெரிஞ்சவங்களை விரல் விட்டு எண்ணிடலாம், அதுல இவன் ஒருத்தன்.

1884 டிசம்பர் 4 ராத்திரி, புது தபால் ஆபீஸ் திறப்பு விருந்து. ச்சி-ஹோ தூதரோட அங்க உக்காந்திருக்கான். பக்கத்துல தீ பிடிச்சிருக்குன்னு சத்தம், என்னன்னு பாக்க வெளில போன ராணியோட சொந்தக்காரர் மின் யோங்-இக் உடம்பெல்லாம் வெட்டுக்காயத்தோட ரத்தம் சொட்ட உள்ள வர்றாரு. கப்சின் புரட்சி இப்படித்தான் ஆரம்பிச்சுது. ராஜாவை வேற அரண்மனைக்கு கூட்டிட்டுப் போயி, வந்த அமைச்சர்கள்ல ஆறு பேரை கொன்னுட்டு, காலைல புது அமைச்சரவை அறிவிச்சாங்க. அந்த லிஸ்ட்ல யுன் உங்-நியோல் பேரு நீதி அமைச்சர்னு இருக்கு.

இங்கதான் எனக்குப் பிடிச்ச காட்சி. மகன் டைரி எழுதற பழக்கம் உள்ளவன், அப்ப எழுதினது சீன எழுத்துல. அந்த டைரில, நாடே தலைகீழா போயிட்டிருக்கற அந்த நாட்கள்லயே, அப்பா இது ஏன் தோக்கும்னு ஆறு காரணம் சொன்னாருன்னு வரிசையா எழுதி வெச்சிருக்கான். ராஜாவை மிரட்டிப் பண்ண காரியம், நியாயம் இல்ல. வெளிநாட்டுக்காரனை நம்பி நிக்குது, ரொம்ப நாள் தாங்காது. ஜனங்க மனசு கூட இல்ல, உள்ளேர்ந்தே வெடிக்கும். சீனப் பட்டாளம் பக்கத்துலயே இருக்கு, கொஞ்சூண்டு ஜப்பான் வீரங்களை வெச்சுக்கிட்டு அத்தனை பேரை எப்படி சமாளிப்ப. ராணியோட சொந்தங்களையும் ராஜாவுக்கு வேண்டியவங்களையும் கொன்னாச்சு, இனிமே ராஜா ராணி ரெண்டு பேர் மனசும் எப்படி இவங்க பக்கம் வரும். ஆறாவது, இவங்க மொத்தமே நாலைஞ்சு பேரு, உள்ளயும் துணை இல்ல வெளியிலயும் இல்ல. அமைச்சர் பதவியை கொடுத்த அரசாங்கத்தைப் பத்தி அந்த அமைச்சரே இப்படி பேசறாருன்னா பாத்துக்கங்க. மூணே நாள், சீனத் தளபதி யுவான் ஷிகாய் சுமார் 1500 சீன வீரங்களோட உள்ள பூந்தாரு, காவலுக்கு இருந்த ஜப்பான் வீரங்க 150 பேர் பக்கம், அவ்ளோதான் கதை. சொன்ன ஆறும் அப்படியே பலிச்சுது.

சரி, தோக்கும்னு தெரிஞ்சவரு ஏன் அந்தப் பக்கம் நின்னாருன்னு கேப்பீங்க. முழுசா நிக்கல, அதான் விஷயம். அவங்களோட சேந்து இறங்கவும் இல்ல, காட்டிக் கொடுக்கவும் இல்ல. ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால். புரட்சில நேரா இறங்கினவங்க குடும்பங்களுக்கு நடந்ததைப் பாத்தா இந்த ஜாக்கிரதையோட மதிப்பு தெரியும். சோ ஜே-பில் அமெரிக்காவுக்குத் தப்பினான், ஆனா ஊர்ல பெத்தவங்க, பொண்டாட்டி, கைக்குழந்தை எல்லாம் போயாச்சு. கிம் ஓக்-கியுனை பத்து வருஷம் கழிச்சு 1894 மார்ச்ல ஷாங்காய் ஹோட்டல்ல சுட்டுக் கொன்னாங்க, அதோட விடல, பொணத்தைக் கொண்டு வந்து துண்டு துண்டா வெட்டி ஆத்தங்கரைல பார்வைக்கு வெச்சாங்க. யுன் குடும்பத்துக்கு? தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்னு அப்பாவுக்கு நாடு கடத்தல், மகனுக்கு வெளிநாட்டுப் படிப்பு.

நாடு கடத்தல்னா வெளிநாடு இல்ல, தெற்கே ஜியோல்லா பக்கம் நுங்ஜுங்கற சின்ன ஊர். இதே ஊருக்குத்தான் 1519ல சோ குவாங்-ஜோங்கற இன்னொரு சீர்திருத்தக்காரரை அனுப்பி, அங்கேயே ராஜா விஷம் கொடுத்து சாகடிச்சாரு, அதனால அந்த ஊருக்குப் போன எவனுக்கும் அந்த ஞாபகம் வராம இருக்காது. இவரு 1894 வரைக்கும் அங்கதான். மகன் 1885 ஜனவரில ஷாங்காய் போயி அமெரிக்க மெத்தடிஸ்ட் மிஷனரிங்க நடத்துன பள்ளிக்கூடத்துல சேந்து, 1887ல ஞானஸ்நானம் வாங்கி, அப்பறம் அமெரிக்காவுல வாண்டர்பில்ட், எமோரி ரெண்டு காலேஜ்லயும் படிச்சான். 1889 டிசம்பர்லேர்ந்து டைரியை இங்கிலீஷ்ல எழுத ஆரம்பிச்சான், கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் விடல. 1894 மார்ச்ல ஷாங்காய்ல ஒரு சீனப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். கிம் ஓக்-கியுன் சுடப்பட்டதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் கல்யாணம், அதுவும் அதே ஊர்ல.

1894ல சீன ஜப்பான் போர் வந்து கப்போ சீர்திருத்தம்னு அரசாங்கமே பழைய முறைகளை மாத்த ஆரம்பிச்சதும் பழைய குத்தவாளிங்க எல்லாம் வெளில வந்தாங்க, இவரும் வந்தாரு. இங்க ஒரு விஷயம் நிறைய பேர் கவனிக்கறதில்ல. சீர்திருத்தக்காரர்னா ஜப்பான் ஆதரவுன்னு ஒரே கோடு போட்டுடறாங்க, ஆனா 1895 அக்டோபர்ல ஜப்பான்காரங்க அரண்மனைக்குள்ள பூந்து ராணியைக் கொன்னப்பறம், ராஜாவை அவங்க பிடிலேர்ந்து வெளில கொண்டு வந்துடணும்னு நவம்பர் 28 ராத்திரி ஒரு முயற்சி நடந்துச்சு, அதுல முன்னாடி நின்னவங்கள்ல யுன் உங்-நியோலும் உண்டு. ச்சுன்செங் வாசல் வழியா உள்ள போகப் பாத்தாங்க, உள்ளேர்ந்து கதவைத் திறக்க வேண்டிய ஆளு காலை வாரிட்டான், திட்டம் படுத்துடுச்சு. மறுபடி ஓட்டம், இந்த தடவை ஷாங்காய்க்கு. 55 வயசு மனுஷன், மூணாவது தடவை எல்லாம் போயி மறுபடி பூஜ்யத்துலேர்ந்து. 1896 பிப்ரவரில ராஜா ரஷ்ய தூதரகத்துக்குள்ள போயி உக்காந்ததும் காத்து திரும்பிச்சு, இவரும் திரும்பினாரு. அந்த வருஷம் மாகாணங்களைப் புதுசா பிரிச்சப்ப தெற்கு ஜியோல்லாவுக்கு முதல் கவர்னர் ஆனாரு, தலைநகர் குவாங்ஜு. எட்டு ஒம்பது வருஷம் கைதியா இருந்த நுங்ஜு இப்ப அவரோட ஜில்லாவுக்குள்ள.

1898ல மகன் இண்டிபெண்டன்ஸ் கிளப்னு சீர்திருத்தம் கேட்ட ஒரு சங்கத்தோட தலைவர், தெருவுல ஆயிரக்கணக்குல ஜனங்களைக் கூட்டி அரசாங்கத்தைக் கேள்வி கேக்கறாரு, அப்பா அரசாங்கத்துல. எந்த வீட்லயும் இது சுமுகமா போகாது. வருஷக் கடைசில ராஜா கிளப்பை கலைச்சு தலைவருங்களை பிடிக்க ஆரம்பிச்சதும் ச்சி-ஹோ தலைமறைவு, ஆனா 1899ல பாத்தா சிறைல இல்ல, வோன்சான் துறைமுகத்துல அதிகாரி வேலைல இருக்காரு. அப்பாவுக்கு அரண்மனைல இருந்த செல்வாக்கு இல்லாம இது நடந்திருக்கும்னு நான் நம்பல.

அப்பறம் ராணுவ அமைச்சர். 1903ல கொரியா ஒரு கப்பல் வாங்குச்சு, யாங்மு-ஹோன்னு பேரு, மிட்சுய் கம்பெனிகிட்ட 5,50,000 வோன். பழைய பிரிட்டிஷ் நிலக்கரிக் கப்பல், மேல பீரங்கி வெச்சு போர்க்கப்பல்னு வித்துட்டாங்க. அந்த ஜூலைல ராணுவ அமைச்சரா இருந்த யுன் உங்-நியோல் ராஜாவுக்கு ஒரு மனு எழுதினாரு, கடல் சூழ்ந்த நாட்டுல ஒரு கடற்படை வீரன் கூட இல்ல, ஒரு போர்க்கப்பல் கூட இல்ல, பக்கத்து நாட்டுக்காரன் முன்னாடி இதைவிட என்ன வெட்கம் வேணும்னு. கவனிங்க, அந்தக் கப்பல் கரைக்கு வந்து மூணு மாசம் ஆனப்பறம்தான் போர்க்கப்பலே இல்லன்னு எழுதறாரு. அந்த நிலக்கரித் தொட்டியை அவரு கப்பல் கணக்குலயே சேத்துக்கலன்னு நான் எடுத்துக்கறேன். இந்தக் கடற்படை விஷயத்தை ஓரமா வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

1906ல சியோலோட மேற்கு மலை பக்கம், இன்னைக்கு புவாம்-தோங்னு சொல்ற இடத்துல, ஒரு பங்களா கட்டினாரு. ஊருக்குள்ள தொத்து நோய் பரவறப்ப போயி தங்கறதுக்கு. செங்கல் வெச்ச ரெண்டு மாடி மேல்நாட்டு வீடு, அந்த ஏரியாவுல அப்ப அது அதிசயம். ஓடை மேல, மரத்துக்கு நடுவுல. இப்பவும் இருக்கு, சியோல் நகரம் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சிருக்கு. அந்த மேல்நாட்டு வீட்டை ஒட்டி ஓடு வேஞ்ச கொரிய வீடு ஒண்ணு இருக்கும், அது அவரு போனப்பறம் கடைசி மகன் சேத்துக் கட்டினது.

இனி கசப்பான பகுதி. 1907ல கொரியா ஜப்பானுக்கு 1 கோடியே 30 லட்சம் வோன் கடன்பட்டிருந்துச்சு. தேகுங்கற ஊர்ல ஆரம்பிச்சாங்க ஒரு இயக்கம், 2 கோடி ஜனங்க மூணு மாசம் புகை பிடிக்கறத நிறுத்தி ஆளுக்கு மாசம் 20 ஜோன் (100 ஜோன் ஒரு வோன்) கொடுத்தா கடனை அடைச்சிடலாம்னு. கணக்குப் போட்டா 1 கோடியே 20 லட்சம் வருது, கிட்டத்தட்ட கடன் தொகை. பொம்பளைங்க வெள்ளி மோதிரம், கொண்டை ஊசியெல்லாம் கழட்டிக் கொடுத்தாங்க. இந்த இயக்கத்தோட ஆவணங்களை 2017ல யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டுல சேத்திருக்கு. வசூலான பணத்தைப் பாத்துக்கற மத்திய அமைப்புக்கு ஒரு கட்டத்துல யுன் உங்-நியோல் தலைவர். 1908ல அவரு பேர்லயே ஒரு புகார் வருது, தெஹான் மெயில் சின்போ பத்திரிகை நடத்தின பிரிட்டிஷ்காரர் பெத்தெல் 30,000 வோனை தவறா எடுத்துட்டாரு, திருப்பிக் கொடுங்கன்னு. அந்தப் பத்திரிகைதான் ஜப்பானுக்கு கண்ணுல விழுந்த தூசி, எப்படியாவது மூடணும்னு அவங்க காத்திட்டிருந்தாங்க. புகாரை சாக்கா வெச்சு ஆசிரியர் யாங் கி-தாக்கை தூக்கி உள்ள போட்டாங்க. செப்டம்பர் மாசம் கோர்ட் அவரு நிரபராதின்னு விட்டுடுச்சு, ஆனா நடுவுல இயக்கத்து மேல ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கை போச்சு, இயக்கமும் படுத்துச்சு. ரெசிடென்சி, அதாவது கொரியாவை மேற்பார்வை பாத்த ஜப்பான் அலுவலகம், சொல்லித்தான் இவரு புகார் கொடுத்தாருன்னு கொரிய வரலாற்றுக்காரங்க எழுதறாங்க. மிரட்டலா, சம்மதமா, உள்ளுக்குள்ள எப்படி இருந்தாலும் கையெழுத்து இவரோடது. எனக்கு இவரு மேல கோபம் வர்ற இடம் எதுன்னா அடுத்து வர்ற பட்டத்தைவிட இதுதான், பட்டம் அவரு பேரை மட்டும் கெடுத்துச்சு, இது மோதிரம் கழட்டிக் கொடுத்தவங்களை ஏமாத்தினது.

1910ல ஜப்பான் கொரியாவை மொத்தமா எடுத்துக்கிச்சு. அக்டோபர்ல 76 பேருக்கு பிரபுப் பட்டம், அதுல 45 பேர் பாரன். யுன் உங்-நியோல் ஒரு பாரன். சில பேர் வயசானவரு, வேற வழி இல்லன்னு சொல்வாங்க. வழி இருந்துச்சு. ஹான் கியு-சொல்னு இன்னொரு ஜெனரல், முன்னாள் பிரதம மந்திரி, இவரை மாதிரியே ராணுவத்துலேர்ந்து மேல வந்தவரு, பட்டம் வேணாம்னு திருப்பிட்டாரு. யு கில்-ஜுன், அமெரிக்காவுல படிச்ச சீர்திருத்தக்காரர், அவரும் வேணாம்னுட்டாரு. இவரு வாங்கிக்கிட்டாரு. ஒரு வருஷம் கூட முழுசா அனுபவிக்கல, 1911 செப்டம்பர்ல 71 வயசுல செத்துப்போயிட்டாரு. 2009ல கொரியாவுல வெளியான ஜப்பான் ஆதரவாளர்கள் அகராதில அப்பா பேரும் இருக்கு, மூத்த மகன் பேரும் இருக்கு.

மூத்த மகன் கதை தனியா ஒரு பதிலுக்கு தாங்கும், சுருக்கமா சொல்றேன். பாரன் பட்டம் அவருக்கு வந்து ஒட்டின சூட்டோட, 1912 பிப்ரவரில ஜப்பான் கவர்னர் ஜெனரலைக் கொல்ல சதின்னு ஒரு ஜோடிச்ச வழக்குல அவரை கைது பண்ணாங்க, 105 பேர் வழக்குன்னு பேரு, பட்டத்தையும் பிடுங்கினாங்க, 1915 பிப்ரவரி வரைக்கும் ஜெயில். வெளில வந்தவரு பழைய ச்சி-ஹோ இல்ல. கொஞ்சம் கொஞ்சமா ஜப்பான் பக்கம் சாஞ்சு, 1945ல ஜப்பான் பிரபுக்கள் சபைல உறுப்பினர், விடுதலை வந்த அதே வருஷம் டிசம்பர்ல சாவு. கொரிய தேசிய கீதத்தோட வரிகளை எழுதினது இவருதான்னு ஒரு வாதம் இன்னைக்கும் ஓடிட்டிருக்கு, துரோகி எழுதின பாட்டை எழுந்து நின்னு பாடறோமான்னு அங்க அப்பப்ப சண்டை வரும்.

ச்சி-ஹோ பொறந்தப்ப அப்பாவுக்கு 25 வயசு கூட ஆகல, அம்மா முதல் பொண்டாட்டி இல்ல, அதனால அவருக்கும் அந்த சோ-ஓல் முள் குத்திருக்கு. 30 வருஷம் கழிச்சு, இன்னொரு பெண் மூலமா ஜெனரலுக்கு ரெண்டு பையங்க பொறந்தாங்க, 1895ல ச்சி-வாங், 1899ல ச்சி-சாங். அப்பா சாகறப்ப ஒருத்தனுக்கு 16, ஒருத்தனுக்கு 12, அண்ணனுக்கு கிட்டத்தட்ட 47. ச்சி-வாங் கிளாஸ்கோல மருத்துவம் படிச்சு, செவரன்ஸ் மருத்துவக் கல்லூரில பேராசிரியரா இருந்து, பின்னாடி தென்கொரிய ராணுவ மருத்துவப் பிரிவுல மேஜர் ஜெனரல் ஆனாரு, ஆக அப்பாவுக்கு அப்பறம் வீட்ல இன்னொரு ஜெனரல். ச்சி-சாங் பிரிட்டனுக்கு தென்கொரியாவோட முதல் தூதர். இவரோட மனைவி சோன் ஜின்-சில், ஷாங்காய்ல கொரிய சுதந்திரப் போராளிங்க அமைச்ச தற்காலிக அரசாங்கத்துல சபைத் தலைவரா இருந்த பாதிரியார் சோன் ஜோங்-தோவோட மக. அந்தம்மாவோட தம்பி யாரு தெரியுமா, சோன் வோன்-இல், 1945 நவம்பர்ல தென்கொரியக் கடற்படையை ஆரம்பிச்சு அதோட முதல் தலைமைத் தளபதியா இருந்தவரு. நாட்டுக்கு ஒரு கடற்படை வீரன் கூட இல்லன்னு 1903ல மனு எழுதின ஆளோட கடைக்குட்டி மகனுக்கு மச்சான். குடும்பத்துல ஒரு பக்கம் பாரன், சம்பந்தி வீடு சுதந்திரப் போராட்டம்.

இப்ப நீங்க கேட்ட ஜனாதிபதி. ஜெனரலோட தம்பி யோங்-நியோலும் ராணுவக்காரர்தான், 14 வயசு சின்னவரு. அவருக்கு நிறைய பையங்க. மூத்தவரு ச்சி-ஓ, கல்வித்துறை அதிகாரி, அவரு மகன் இல்-சன் நோய்க்குறியியல் நிபுணர், சியோல் தேசிய பல்கலைக்கழகத்தோட தலைவரா இருந்தாரு. அடுத்தவரு ச்சி-சோ, பெரிய பணக்காரர், அவரு மகன்தான் யுன் போசன், 1897ல பொறந்தவரு. எடின்பரோல படிச்சு, 1948ல சியோல் மேயர், 1960 ஆகஸ்ட்ல ஜனாதிபதி. கடைசி தம்பி ச்சி-யோங், 1898 பொறப்பு, அதாவது சித்தப்பா அண்ணன் மகனைவிட ஆறு மாசம் சின்னவரு. தென்கொரியாவோட முதல் ஜனாதிபதி சிங்மன் ரீயோட செயலாளரா இருந்து குடியரசோட முதல் உள்துறை அமைச்சர் ஆனாரு. ச்சி-ஹோவோட மூத்த மகன் யோங்-சன் 1950ல விவசாய அமைச்சர்.

1961 மே 16ல பார்க் சங்-ஹீ பட்டாளத்தோட ஆட்சியைப் பிடிச்சப்ப யுன் போசன், வர வேண்டியது வந்துடுச்சுன்னு சொன்னாருன்னு ஒரு பேச்சு உண்டு, அதை எப்படி புரிஞ்சுக்கறதுன்னு இன்னும் சண்டை. 1962 மார்ச்ல பதவியை விட்டாரு, 1963 தேர்தல்ல பார்க்கை எதிர்த்து நின்னு சுமார் 1.56 லட்சம் ஓட்டுல தோத்தாரு, 1967லயும் தோத்தாரு, ஆனா எதிர்ப்பை விடல. அதே நேரம் சித்தப்பா ச்சி-யோங் பார்க்கோட கட்சில பெரிய தலை, சியோல் மேயர். ஒரு வீடு, ஒரு வயசு, ஒரு ஊர், எதிரெதிர் பக்கம். எந்தப் பக்கம் ஜெயிச்சாலும் யுன் வீட்ல ஒரு ஆள் உள்ள இருப்பாரு. திட்டம் போட்டு பண்ணாங்கன்னு சொல்லல, ஆனா பெரிய தாத்தா காலத்துலேர்ந்து பழக்கம்.

நேர்ல பாக்க ஆசை இருந்தா ஆசான்ல துன்போ பக்கம் சின்ஹாங்-ரி கிராமத்துக்குப் போங்க, போசன் பொறந்த வீடும் பங்காளிங்க வீடுகளும் கிட்டகிட்டயே இருக்கு. படிக்க ஆசை இருந்தா மகனோட டைரி, கொரிய தேசிய வரலாற்று நிறுவனம் அச்சுல போட்டிருக்கு, ஆன்லைன்லயும் இருக்கு. 1889 டிசம்பர்லேர்ந்து முக்கால்வாசி இங்கிலீஷ்ங்கறதால கொரிய மொழி தெரியணும்னு இல்ல. அப்பாவைப் பத்தி நிறைய வரும், எல்லா இடத்துலயும் மரியாதையா இருக்காது.